இர்ரெகுலாரிட்டி: ஒழுங்கின்மையா, பிசிறா?

நண்பர்களுக்கு வணக்கம். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில், எலெக்ட்ரான் அடர்த்தி சிறு அளவில் சீரற்று அமைவதை ஆங்கிலத்தில் ‘இர்ரெகுலாரிட்டி’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் எது என்பதே கேள்வி.

‘ஒழுங்கின்மை’ என்று முடிவு செய்வதற்கு முன் அதை ஒரு முழு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘பெர்க்கின்ஸ் நிலையின்மையால் அயனி மண்டலத்தில் ஒழுங்கின்மைகள் தோன்றுகின்றன.’ (பெர்க்கின்ஸ் நிலையின்மை என்பது அங்குள்ள பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களின் வாயு, நிலைகுலையும் ஒரு வகை.) இரண்டு ‘இன்மை’ அடுத்தடுத்து வந்து, எது காரணம் எது விளைவு என்பதே மங்கிவிடுகிறது. ‘இன்மை’ இல்லாததைச் சொல்லும் சொல். இதுவோ ராடாரில் எதிரொலி தருவது. நகரும் வேகத்தைக்கூட அளக்கிறோம்.

என் பரிந்துரை ‘பிசிறு’. துணியின் கிழிந்த ஓரத்தில் நூல் பிரிந்து நிற்குமே, ஏறக்குறைய அதே வடிவம். எலெக்ட்ரான்கள் காந்தப்புலக் கோட்டின் வழியே தாராளமாக ஓடும். குறுக்கே எளிதில் நகரா. அதனால் அடர்த்தி வேறுபாடு கோட்டின் வழியே நீண்டும் குறுக்கே மெலிந்தும் அமைகிறது. ஜப்பானில் ஷிகராக்கியிலுள்ள எம்.யு. ராடாரின் அதிர்வெண் 46.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 6.4 மீட்டர். அனுப்பிய அலை வந்த வழியே திரும்பும் பின்சிதறலில் அதற்குத் தெரிவது அதில் பாதியான 3.2 மீட்டர் அளவிலான அமைப்பு மட்டுமே. ராடாரின் கற்றை காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சற்று விலகினாலும் எதிரொலி வெகுவாகக் குறைந்துவிடும். இந்தத் திசைப்பிடிப்பையும் சொல்லவேண்டிய இடத்தில் ‘புலவழிப் பிசிறு’ எனலாம்.

நூறு, இருநூறு கிலோமீட்டர் அலைநீளத்தில் நகரும் அடர்த்திப் பட்டைகளுக்கு இச்சொல் ஆகாது. ஆங்கிலத்தில் ‘டிராவலிங் டிஸ்டர்பன்ஸ்’ எனப்படும் அவற்றுக்கு ‘நகர் அலைவு’ போதும்.

இன்னொன்று. அயனி மண்டலத்தில் எழும் ‘போலரைசேஷன்’ மின்புலத்தைத் ‘தளவிளைவு மின்புலம்’ என எழுதுவது பிழை. தளவிளைவு ஒளிக்குரியது. இங்கே கடத்துதிறன் மாறும் எல்லையில் மின்னேற்றம் தேங்கிப் புலம் எழுகிறது. ‘முனைவாக்க மின்புலம்’ என்பதே சரி. மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் இருந்தாலே, 45 மைக்ரோடெஸ்லா காந்தப்புலத்தில் பிளாஸ்மா நொடிக்குச் சுமார் 22 மீட்டர் பெயரும். ஜப்பானின் சாத்தாவிலும் ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் ஒரே இரவில் எடுத்த வான்ஒளிப் (மேல்வளி தானே உமிழும் மங்கலான ஒளி) படங்களில் நகர் அலைவின் பட்டைகள் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாகத் தெரிந்ததும், இப்புலம் காந்தக் கோட்டின் வழியே பூமியின் மறு அரைக்கோளத்தை எட்டுவதால்தான்.

*

ஒரு நண்பரின் மறுமொழி: ஐயா, பிசிறு எனக்கும் உடன்பாடே. ஒரு தடை மட்டும் உண்டு. ‘குரல் பிசிறடிக்கிறது’ என்கிறோம். ‘ராடார் சிக்னலில் பிசிறு’ என்று எழுதினால் கருவிக் கோளாறு என்றே வாசிப்பார்கள். எனவே தனிச்சொல்லாக விடாமல், முதல் முறை வரும்போது ‘அடர்த்திப் பிசிறு’ என்றே எழுதுவோம். சிக்னலில் கலக்கும் நாய்ஸுக்கு ‘இரைச்சல்’ ஏற்கெனவே இருக்கிறது. அதை இதனோடு கலக்க வேண்டாம். முனைவாக்க மின்புலத்தை அப்படியே ஏற்கிறேன்.