வெளி வழக்கறிஞர்களின் கட்டணத்தைச் சட்டப் பிரிவு எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

நொய்யல்கரை:
வணக்கம். கோவையில் பம்பு உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் சட்டப் பிரிவை நான் ஒருவனே கவனித்து வருகிறேன். எங்கள் வழக்குகள் கோவை, சென்னை, டெல்லி என மூன்று ஊர்களில் வெவ்வேறு வழக்கறிஞர்களிடம் உள்ளன. எந்த நாளில் யார் ஆஜரானார், விசாரணை நடந்ததா, வாய்தா வாங்கப்பட்டதா என்ற விவரம் ஏதுமின்றி ஒற்றை வரியில் பில்கள் வருகின்றன. செலவைக் குறைக்கச் சொல்லும் நிர்வாக இயக்குநர், வென்றால் மட்டும் கட்டணம் என்று பேசிப் பார்க்கும்படியும் கூறுகிறார். மேலும், கட்டண நிலுவை உள்ள ஒரு வழக்கறிஞரிடமிருந்து வழக்கை மாற்ற நினைக்கிறோம். அவர் வழக்குக் கட்டுகளை (வழக்கு ஆவணங்களை) தர மறுக்க முடியுமா?

பழைய கட்டு:
வென்றால் மட்டும் கட்டணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதி 20 தடை செய்கிறது. கட்டுகளைப் பொறுத்தவரை, கட்டண பாக்கிக்காக அவற்றைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும், தகராறு இல்லாத தொகையைக் கொடுத்துவிட்டு, வக்காலத்து மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவதே விரைவான வழி.

இனி வரும் ஒவ்வொரு வழக்குக்கும் ஒப்பந்தக் கடிதம் வாங்குங்கள். வாதம் நடந்த நாளுக்கு ஒரு கட்டணம், வாய்தாவோடு முடிந்த நாளுக்கு அதைவிடக் குறைந்த கட்டணம் என்று அதில் பிரித்து எழுத வேண்டும். மூத்த வழக்கறிஞரை அமர்த்துமுன் உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை என்பதும் இடம்பெற வேண்டும். நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெரும்பாலான வழக்குகளின் விசாரணை நாட்கள் பதிவாகியிருக்கும். பில்லை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வாய்தா வேண்டாம்:
மேலே உள்ளவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பணம் அதிகம் கரைவது அந்த இடத்தில் அல்ல என்பது என் கருத்து. வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015-இன் கீழ் வரும் வழக்கில், சம்மன் சார்வான (கையில் சேர்ந்த) நாளிலிருந்து 120 நாட்களுக்குள் எதிர்வழக்குரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துபூர்வ பதில், தாக்கலாகாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். நீதிமன்றம் நினைத்தாலும் காலத்தை நீட்டிக்க முடியாது என்று எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பெரும்பாலும் தாமதம் வழக்கறிஞரால் நேர்வதில்லை. கொள்முதல் பிரிவு மின்னஞ்சல்களைத் தேடித் தராது, கணக்குப் பிரிவு லெட்ஜர் நகலை நாளை தருவதாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும், இறுதியில் எல்லாம் கடைசி வாரத்தில் வழக்கறிஞரின் மேசையில் கொட்டப்படும். அவசரத்தில் எழுதப்பட்ட எதிர்வழக்குரையைப் பின்னர் திருத்துவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால், ஓர் ஆஜர் கட்டணத்தில் நீங்கள் மிச்சப்படுத்துவது மிகச் சிறிது. ஆகவே சம்மன் வந்த வாரத்திலேயே ஆவணங்களைத் திரட்டும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படையுங்கள். நிர்வாக இயக்குநரின் கையெழுத்தோடு அது போனால்தான் வேலை நடக்கும்.

மெரினா காற்று:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிக்கனம் என்று சொல்லி, சிக்கலான விஷயங்களில் வெளி வழக்கறிஞரின் எழுத்துபூர்வக் கருத்தைத் தவிர்க்காதீர்கள். முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் சட்ட அலுவலர் நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் வழக்கறிஞர் அல்லர் என்பதால், பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 132-ஆம் பிரிவு தரும் இரகசியப் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. நிறுவனத்தின் வெளி சட்ட ஆலோசகருக்கு அவர் அனுப்பும் தகவல்களுக்கு 134-ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. ஆனால் நீங்களும் நிர்வாகமும் உங்களுக்குள் எழுதிக்கொள்பவற்றுக்கு அது பொருந்தாது.

நொய்யல்கரை:
மூவருக்கும் நன்றி. சென்ற வாரம்தான் ஒரு வணிக வழக்கில் சம்மன் வந்திருக்கிறது. ஆவணங்களைத் திரட்டும் ஏற்பாட்டை அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வழக்குகளிலும் கட்டண முறையை மாற்றலாமா?

பழைய கட்டு:
வழக்கறிஞர் சம்மதித்தால் மாற்றலாம். சாட்சி விசாரணையோ இறுதி வாதமோ, அடுத்த கட்டம் தொடங்கும் போது கேளுங்கள். முடிந்துபோன வேலைக்கான பில்களை மறுபடியும் கிளற வேண்டாம்.