பிளான் அப்ரூவல் அனுபவங்கள்: வரைபடத்துக்கு முன்னால் பட்டாவைப் பாருங்கள்

பிளான் அப்ரூவலுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று இங்கே யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போன வருடம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் அவரவர் கதையைச் சொல்லுங்கள்.

தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி. அப்பா எப்போதோ வாங்கிப் போட்டு, பிறகு எனக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த மனை. பத்திரத்தில் 2400 சதுர அடி, முன்னால் 20 அடிச் சாலை. கீழேயும் மாடியுமாக 2100 சதுர அடிக்கு ஒரு வீடு, அவ்வளவுதான் ஆசை. 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்றிதழ் திட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற மனை. மனை 2500 சதுர அடிக்குள், கட்டிடம் 3500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிப் பணத்தைக் கட்டியதும் அனுமதி வந்துவிடும், முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் கிடையாது, கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பொறியாளரிடம் போனேன். எத்தனை பெட்ரூம், கிழக்குப் பார்த்த வாசலா என்றெல்லாம் கேட்பார் என்று பார்த்தால், மனிதர் கேட்ட முதல் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்கு சார்?"

பட்டா கூட்டுப் பட்டா. அதில் அப்பா பெயர், பக்கத்து மனைக்காரர் பெயர், இவர்களுக்கு விற்றுவிட்டு எப்போதோ காலமாகிவிட்ட பழைய உரிமையாளர் பெயர் என்று மூன்றும் வரிசையாக இருந்தன. பத்திரம் சுத்தம், வில்லங்கம் சுத்தம், சொத்து வரி கூட நான்தான் கட்டுகிறேன். ஆனால் உட்பிரிவு செய்து, அதாவது என் பங்கைத் தனியாக அளந்து பிரித்து, என் பெயருக்குத் தனிப் பட்டா வராமல் விண்ணப்பத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். சரி என்று இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு மனு போட்டேன். அங்கேதான் மாதங்கள் கரைந்தன. சர்வேயர் ஒரு தேதி சொல்வார், அன்றைக்குப் பார்த்து வேறு ஊரில் அளவை வேலை இருக்கும், அல்லது கலெக்டர் ஆபீஸில் கூட்டம் இருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, அந்த ஒரு ஆள் தலையில் எத்தனை ஊர் என்று பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

கடைசியில் வந்தார். மூன்று மூலைக் கல் கிடைத்துவிட்டது, நாலாவது இல்லவே இல்லை. அரை மணி நேரம் தேடியபின் பக்கத்து வீட்டு அக்கா, "துவைக்கிற கல்லுக்கு அடியில ஒண்ணு கெடக்கு, அதுவா பாருங்க" என்றார். அதுவேதான். சோப்பு நுரை ஊறிப்போன எல்லைக்கல்லில் டேப்பை வைத்து அளந்ததில் மனை 215 சதுர மீட்டர். அதாவது 2314 சதுர அடி. பத்திரத்தைவிட 86 சதுர அடி குறைவு. பத்திரம், பட்டா, தரையில் இருப்பது, இந்த மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் வரைபடம் போட வேண்டும் என்றார் பொறியாளர். விதிப்படி முன்னால் ஒன்றரை மீட்டர், பக்கவாட்டில் ஒரு மீட்டர் காலியிடம் விட்டால் வெளியே போட்டிருந்த படிக்கட்டுக்கு இடமில்லை. அதை உள்ளே இழுத்தோம், சாப்பாட்டு அறை பாதியாகிவிட்டது. வீட்டில் இன்னும் அதற்குப் பேச்சு வாங்குகிறேன்.

தனிப் பட்டா கைக்கு வந்தபின் நடந்ததைச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஏற்றினோம், பணம் கட்டினோம், கியூஆர் கோடு போட்ட அனுமதி அன்றைக்கே வந்துவிட்டது.

---

அண்ணே, உங்களுக்குப் பட்டாவோடு போயிற்று. நான் சென்னைப் புறநகர், எனக்கு மனையே தகராறு.

மாமனார் 2000களில் தவணையில் வாங்கிய பிளாட். விற்றவர்கள் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று நோட்டீஸ் அடித்து, வேனில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு விற்ற மனை, இந்த வகை நம்மில் பாதிப் பேரிடம் இருக்கும். தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட லேஅவுட் வரைபடம் ஒன்றை லேமினேட் செய்து பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். லேஅவுட்டுக்கு அனுமதி தர வேண்டியது சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியோதான் (நகர் ஊரமைப்பு இயக்ககம்), பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அப்போ ரிஜிஸ்டர் பண்ணாங்களே" என்பார். நியாயமான கேள்விதான். பதிவு செய்தார்கள், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சொல்லும்வரை தாராளமாகப் பதிந்தார்கள்.

பிறகு 2017ல், அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனை என்பதால் எங்களுடையது அதற்குள் வந்தது. முதலில் மொத்த லேஅவுட்டுக்கும் கொள்கை அளவில் ஒப்புதல் வேண்டும், அப்புறம்தான் தனி மனைக்கு. லேஅவுட் போட்டவர் ஊரிலேயே இல்லை. மனை வாங்கியவர்கள் ஒரு வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு லைசென்ஸ் சர்வேயரை வைத்துத் தரையில் இருப்பதை இருப்பதுபோலவே வரைந்து வாங்கினோம். பணம் கொடுக்காதவர்கள்தான் குழுவில் அதிகம் பேசினார்கள், அது எல்லா ஊருக்கும் பொது. வரன்முறைக் கட்டணமும் மேம்பாட்டுக் கட்டணமும் கட்டி ஆணை கையில் வந்தபிறகுதான் வீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடிந்தது.

இடையில் ஒரு தரகர் வந்தார். உள்ளே ஆள் இருக்கிறது, மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள், வரன்முறையே இல்லாமல் பிளான் வாங்கித் தருகிறேன் என்றார். பக்கத்து மனைக்காரர் கொடுத்தார். தரகர் அவருக்கு வாங்கிக் கொடுத்த பிளானை, கடன் கேட்டபோது வங்கியில் சரிபார்த்திருக்கிறார்கள், அந்த எண்ணில் அனுமதியே இல்லை.

---

எங்களுடையது ரயில் பாதை ஓரம். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் மனை இருந்தால் அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். நகராட்சியில் எல்லாம் தயார், இந்த ஒரு காகிதத்துக்காகக் கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஏரி, குளம், வாய்க்கால் பக்கம் மனை வாங்குகிறவர்களும் அதிலிருந்து 15 மீட்டருக்குள் மனை வருகிறதா என்று பாருங்கள், அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் இல்லை, முள் செடிதான் இருக்கிறது என்று தரகர் சொல்வதை நம்ப வேண்டாம், வருவாய்ப் பதிவேட்டில் வாய்க்கால் என்றிருந்தால் வாய்க்கால்தான்.

---

நான் பதிவு பெற்ற பொறியாளர், இந்தப் பிளான்களில் கையெழுத்துப் போடுகிற ஆள். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

சுயசான்றிதழில் யாரும் வந்து பார்ப்பதில்லை என்று மேலே சார் சொன்னாரே, அதைக் கேட்டதும் பலருக்கு வேறு மாதிரித் தோன்றிவிடுகிறது. "அப்ரூவலுக்கு ஒரு பிளான் போடுங்க, கட்டுறது நாம பாத்துக்கலாம்" என்பார்கள். முன்னால் விட்ட ஒன்றரை மீட்டரில் போர்ட்டிகோவுக்குத் தூண் எழும்பும், பக்கத்தில் விட்ட ஒரு மீட்டரில் கழிவறை வரும், வரைபடத்தில் இருந்த மழைநீர் சேகரிப்புக் குழி தரையில் இருக்கவே இருக்காது. அனுமதிக்கு முன்னால்தான் ஆய்வு இல்லை, பின்னால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். பெரும்பாலும் கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர். தவறான விவரம் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும், விதிமீறிய கட்டிடத்தைப் பூட்டி சீல் வைக்க 1971ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என் பதிவும் போகும்.

வீட்டுக் கடன் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. வங்கி தவணை தவணையாகத்தான் பணம் விடும், ஒவ்வொரு தவணைக்கும் அவர்களுடைய பொறியாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளப்பார். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ரூஃப் மட்டத்தில் தவணை நின்றது, காரணம் பிளானில் இல்லாத ஒரு அறை. மேஸ்திரி சொன்னாராம், கம்பி ஏற்கெனவே இருக்கிறது, சும்மா போட்டுவிடலாம் என்று.

---

பொறியாளர் சார், ஒரு சந்தேகம். என் மனை 2600 சதுர அடி, வீடு 1500தான். சுயசான்றிதழில் போக முடியுமா? நூறு சதுர அடியை மட்டும் கணக்கில் விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் டிராஃப்ட்ஸ்மேன்.

---

முடியாது தம்பி. மனையும் கட்டிடமும் இரண்டும் வரம்புக்குள் இருக்க வேண்டும், பட்டாவில் உள்ள பரப்பைக் குறைத்துக் காட்டுவது தவறான விவரம்தான். வழக்கமான வழியில் அதே ஒற்றைச்சாளரத்தில் விண்ணப்பியுங்கள். 10,000 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு உங்கள் உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம், சென்னைக்கெல்லாம் போக வேண்டியதில்லை. நகரமைப்பு ஆய்வாளர் மனையை வந்து பார்ப்பார். பரிசீலனைக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம், கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி, காலிமனை வரி பாக்கி இருந்தால் அதுவும் கட்ட வேண்டியிருக்கும். முதலில் அந்தப் பட்டா உங்கள் பெயரில் தனியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் மற்றதைப் பேசுவோம்.