வட ஆற்காடு என்று ஒரு வரி: கப்பலேறிய பாட்டியைத் தேடிப் போன கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். தமிழில் ‘வணக்கம்’, ‘தண்ணி’ இரண்டும் தெரியும். கையில் ஒரு நகல் தாள். அவருடைய பாட்டியின் அம்மா சென்னையில் கப்பல் ஏறியபோது எழுதிய பதிவு. நான் வேலூர்க்காரன் என்பதால் நண்பர் என்னிடம் அனுப்பிவைத்தார்.

1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். ஆளுக்கொரு எண். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இவர்களுக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரத்தில் கிடைத்திருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் பட்டியலில் உண்டு. கப்பலேறியவர் பெயரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் அம்மன் பெயர். தகப்பன் பெயரும் ஊரும்தான் பிடி.

அந்த ஊர்ப்பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மாவட்டம் வட ஆற்காடு. ஆரணி, போளூர் என்று இரண்டு நாள் வீணாக அலைந்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் சேர்த்தி. 1911இல்தான் அது தனி மாவட்டமானது. திருத்தணி அதோடு போய், 1960இல் திரும்பிவந்து செங்கல்பட்டில் சேர்ந்து, இப்போது திருவள்ளூரில் இருக்கிறது. அந்தப் பக்கம் அதே ஓசையில் ஓர் ஊர் இருந்தது.

டீக்கடையில் பெரியவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன ஆளுங்க?” மொழிபெயர்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் எந்தத் தெருவில் விசாரிப்பது என்பதே அந்தப் பதிலில்தான் இருந்தது. தாளைக் காட்டினேன். கைகாட்டினார்.

தகப்பன் பெயரில் மூன்று வீடுகள். எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கணவரோடு வந்தவர் என்றுதான் டர்பன் குடும்பத்தில் சொல்லிவந்தார்களாம். பட்டியலில் கணவர் இல்லை, இரண்டு வயதுப் பெண் குழந்தைதான். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் வேண்டும் என்று விதி இருந்த காலம், தனியாகப் போன பெண்கள் நிறைய. அதைச் சொன்னதும், “கைக்குழந்தையோடு தனியாவா?” என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். புறப்படும்போது ஊர்ப்பெயரைத் தன் நோட்டில் தமிழில் எழுதித்தரச் சொன்னார்.

*

வாசகர் ஒருவர் எழுதியது: திருத்தணிக் கதையைப் படித்ததும் எனக்கு மொரீஷியஸ் ஞாபகம் வந்தது. அங்கே வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டு அக்காவுடன் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்துக்குத் துணைக்குப் போனேன். குடியேறியவர்களின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன, 1860களுக்குப் பிறகு வந்த பலருக்குப் படமும் உண்டு. அக்காவின் கொள்ளுப்பாட்டி படம் கிடைத்தது. முறைத்துப் பார்க்கிற முகம். “எங்க அம்மா கோபப்பட்டா இப்படியேதான்!” என்று அந்த ஊர் க்ரியோல் மொழியில் சொல்லிச் சிரித்தார். ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் பூச்சி அரித்திருந்தது.

*

அவருக்கு என் பதில்: பூச்சி அரித்திருந்தால் விடாதீர்கள். அதே கப்பலில் முன்னும் பின்னுமாக எண் வாங்கியவர்களைப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து நின்றிருப்பார்கள். நாங்கள் மூன்று வீட்டுக்கு அப்படித்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.