அயஹுவாஸ்கா சடங்கு: வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு மருந்தாகுமா?

மாதகல்மகள்:
ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் பெருவுக்குப் போய், இக்கிற்றோஸ் நகருக்கு அருகே காட்டுக்குள் அயஹுவாஸ்கா குடித்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு கொடியையும் வேறொரு செடியின் இலையையும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சும் கசாயம், குடித்தால் கண்முன் தோற்றங்கள் வரும். ஷிப்பிபோ என்ற அமேசான் பழங்குடி இனத்துப் பரியாரி இரவிருட்டில் பாட்டுப் பாடியபடி கொடுப்பார். சத்தி எடுப்பதை உள்ளே கிடந்த அழுக்கு வெளியேறுவதாகக் கொள்கிறார்கள். சிறுவயதில் உறவுக்காரன் ஒருவன் செய்த கொடுமையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதன் பிறகுதான். இங்கே இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்தால் எத்தனை பெண்களுக்கு விடிவு கிடைக்கும்!

வார்டுத்தாதி:
தங்கச்சி, உங்கள் மச்சாள் தேறியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கொடி உடலிலுள்ள ஒரு நொதியத்தைத் தடுக்கிறது. அதனால்தான் இலையிலுள்ள, தோற்றங்களைக் காட்டும் பொருள் மூளைக்குப் போகிறது. மனச்சோர்வுக்கு ஃபுளுவொக்ஸிடின் போன்ற குளிசை எடுப்பவர் இதைக் குடித்தால் மூளையிலுள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவுமீறி, காய்ச்சல், வலிப்பு, உயிராபத்து வரை போகலாம். நீங்கள் சொல்லும் பெண்களில் பலர் இந்தக் குளிசைகளில்தான் இருக்கிறார்கள்.

கைதடி மாணவி:
நான் சித்த மருத்துவம் படிக்கிறேன். தயவுசெய்து இதை நம் நாட்டு வைத்தியத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அமேசானிலேயே சிலர் ஊமத்தையின் உறவுச்செடி ஒன்றைக் கசாயத்தில் கலக்கிறார்கள். இங்கே அந்தக் கொடி கிடையாது. போலிப் பரியாரியின் கை முதலில் வேலியோர ஊமத்தைக்குத்தான் போகும். அது நஞ்சு.

வல்லிபுரத்தான்:
பிள்ளைகளே, பெரு அரசு 2008இல் இதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. போதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் கோயில்களிலும் உரு வந்து ஆடும் பெண், வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லுகிறாள்தானே?

வார்டுத்தாதி:
ஐயா, சொல்லட்டும். கோயில் முன்றலில் ஊரே சுற்றி நிற்கிறது. இது இருட்டறை. குடித்தவளால் எழும்பவோ கத்தவோ முடியாமல் போகலாம். இத்தகைய சடங்குகளில் பரியாரிகளே தங்களைத் தொட்டதாகப் பெண்கள் பலர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் முறையிட்டால், "அது மருந்து காட்டிய தோற்றம்" என்று வாயை அடைத்துவிடலாம். தன் உடல் மீது தனக்கு உரிமையில்லை என்று ஒருமுறை நொறுங்கியவளை மறுபடியும் அதே நிலையில் கிடத்துவதா? பேயோட்டுவதாகச் சொல்லிக் கதவைப் பூட்டுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இங்கே அந்தக் கோப்பையை யார் ஊற்றுவார் என்பதுதான் என் பயம்.

மாதகல்மகள்:
பெண்களே நடத்தினால்? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது எளிது அக்கா. கிளினிக் வாங்கில் பக்கத்து வீட்டுக்காரி இருப்பாள். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கைதடி மாணவி:
பிரேசிலில் 29 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஏழாம் நாளில் மனச்சோர்வு குறைந்திருந்தது உண்மை. அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது, எடுத்துக்கொண்ட நோயும் மனச்சோர்வு. வன்கொடுமையின் வடுவை அவர்கள் ஆராயவில்லை.

வார்டுத்தாதி:
ஊர்வாய்க்குப் பயப்படுவது நியாயம், அதை நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு நட்பு நிலையம் என்று தனியாக இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 1938க்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே மூச்சுப் பயிற்சி, மந்திர உச்சாடனம் போன்ற நமக்குப் பழகிய வழிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அவற்றில் நோயாளி தன் நினைவோடு இருக்கிறாள், வேண்டாமென்றால் நிறுத்தலாம். மச்சாள் இப்போது யாரிடமாவது பேசுகிறாரா?

மாதகல்மகள்:
வாராவாரம் ஒரு தமிழ் உளவளத்துணையாளரிடம் போகிறாள். அந்த இரவு இல்லையென்றால் அந்தப் படியை மிதித்திருக்கவே மாட்டேன் என்கிறாள். அதற்கு என்ன சொல்கிறீர்கள், அக்கா?