பாட்டு தொடங்குமுன்பே தெரிந்துவிடும்: சாஃப்ட் ராக் கீபோர்டு சத்தங்கள், உங்கள் அனுபவம் என்ன?

ரேடியோப்பிரியன், கோவை:

பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே சில பாட்டுகளை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். சாஃப்ட் ராக்கில், அதாவது மென்மையான ராக் இசையில், இது ரொம்பவே அதிகம். பில்லி ஜோயல் 1977இல் பாடிய 'ஜஸ்ட் த வே யூ ஆர்' தொடக்கத்தில் நெளிந்து நெளிந்து வரும் சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை, சில கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், அவ்வளவுதான். ஆனால் அதையே வேறு கருவியில் வாசித்தால் பாட்டு பாதி செத்துவிடும். வாசித்தது சாதாரண பியானோ இல்லை, ஃபெண்டர் ரோட்ஸ் என்கிற எலக்ட்ரிக் பியானோ. அந்த நெளிவைக் கொடுப்பது ஃபேஸர் என்கிற எஃபெக்ட்.

காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சீனியரிடம் மஸ்கட்டிலிருந்து வந்த டேப் ரெக்கார்டர் இருந்தது. அவர் அறையில்தான் இந்த மாதிரிப் பாட்டெல்லாம் எனக்குப் பழக்கம். அப்புறம் சொந்தமாக ஒரு கேசட் பதிவு செய்யலாம் என்று ரெக்கார்டிங் கடைக்குப் போனேன். பட்டியலில் ஒரு பாட்டுக்கு மட்டும் பெயர் தெரியவில்லை, வரியும் நினைவில்லை. கடைக்காரரிடம் முதல் கார்டுகளை முனகிக் காட்டினேன். பாடகர் பாடும் பகுதியை அல்ல, கீபோர்டு பகுதியை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் மேல் தட்டிலிருந்து பீ ஜீஸ் குழுவின் கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்', அதுவும் 1977தான். பிரான்சில் ஒரு பழைய மாளிகையில் இருந்த ஸ்டூடியோவில், அந்தக் குழுவின் பாடகர் பேரி கிப்போடு உட்கார்ந்து அந்தக் கார்டுகளைப் பிடித்தவர் ப்ளூ வீவர் என்கிற கீபோர்டுக்காரர். அட்டையில் பாட்டை எழுதியவராக அவர் பெயர் வராது. முனகிக் காட்டும்போது நம் வாயில் வருவது என்னவோ அவர் வாசித்ததுதான்.

உங்களுக்கு எந்தச் சத்தம், எங்கே வைத்துக் கேட்டீர்கள்? பாட்டுப் பட்டியல் மட்டும் போடாதீர்கள், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

ஆறாம் கட்டை, திருச்சி:

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எங்கள் குழு உரிமையாளர் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் ஒன்றை வாங்கினார். 1983இல் வந்த மாடல். 61 கட்டை, ஒரே நேரத்தில் 16 சுரம் ஒலிக்கும். பொத்தான்கள் எல்லாம் தட்டையான தகடு மாதிரி. விரல் வைத்தால் அழுந்தியதா இல்லையா என்றே தெரியாது. உள்ளே 32 டோன், அதாவது தயாராக வைத்த சத்தங்கள். அதில் 11ஆம் நம்பர் 'இ.பியானோ 1'. எனக்கு மற்ற 31 இல்லாமலும் பிழைப்பு ஓடியிருக்கும்.

ஒரு ரிசப்ஷன். பாடகர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடை காலியாக இருக்கக் கூடாது என்று என்னை மட்டும் உட்கார வைத்துவிட்டார்கள். 11ஐ அழுத்தி, விட்னி ஹூஸ்டனின் 'க்ரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' தொடக்கத்தை வாசித்தேன். பந்தியிலிருந்து ஒருவர் கைகூடக் கழுவாமல் எழுந்து மேடையோரம் வந்து நின்றார். "தம்பி, ரெக்கார்டு போட்டிருக்கீங்களா, நீங்களே வாசிக்கிறீங்களா?" என்றார். கப்பலில் வேலை பார்த்தவராம். நான் வலதுகையைத் தூக்கிக் காட்டினேன், பாதிச் சத்தம் நின்றது. அதற்கப்புறம்தான் நம்பினார். நிகழ்ச்சி முடியும்வரை எச்சில் கையோடு நின்ற மனிதரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அவர் ஏமாந்ததில் தப்பே இல்லை. ரெக்கார்டிலும் அதே இயந்திரம், அதே டோன். 1986இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளில் சுமார் 40 சதவீதத்தில் இந்த 'இ.பியானோ 1' இருந்ததாக ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். காரணம் ரசனை மட்டும் அல்ல. இந்தக் கருவியில் புது டோன் உருவாக்குவது பெரிய பாடு. ஒரு சின்னத் திரை, ஒரே ஒரு ஸ்லைடர், உள்ளே ஆபரேட்டர் என்கிற ஆறு அலை உருவாக்கிகளை 32 விதமாகக் கோக்கும் ஏற்பாடு. இசைக்கலைஞர் பிரையன் ஈனோ மாதிரி உட்கார்ந்து தோண்டியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கம்பெனி போட்டுக் கொடுத்ததையே வாசித்தார்கள்.

இதன் அடிப்படை எஃப்எம் முறை. ஓர் அலையை இன்னோர் அலை வேகமாக அசைத்தால் புதுப்புது மேல்சுரங்கள் பிறக்கும் என்பதை 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்தார். உரிமையை யமஹா வாங்கிக்கொண்டது. மெதுவாக அழுத்தினால் வெறும் மிருதுவான சத்தம். அழுத்திக் குத்தினால் முன்னால் ஒரு சின்ன உலோகக் 'கிணிங்' சேரும். அந்தக் 'கிணிங்'குக்காகவே எத்தனையோ காதல் பாட்டு எழுதியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ஈயப்பற்று, சென்னை:

திருச்சி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 11ஆம் நம்பர் யாரைப் பார்த்து அந்தக் 'கிணிங்' போடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது ரோட்ஸின் நகல். பளபளப்பான நகல், அவ்வளவுதான்.

நான் ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு ரிப்பேர் பார்க்கிறவன். ஒரு ஸ்டூடியோவில் கட்டை ஒன்று பேசவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ரோட்ஸ் ஸ்டேஜ் 73. அதுவரை படத்தில் மட்டும் பார்த்தது. எடை 60 கிலோவை ஒட்டி வரும். மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஸ்பீக்கரும் இல்லை, பியானோ கம்பியும் இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, கீழ்ச்சுரத்தில் நீளமாகத் தொடங்கி மேலே போகப் போகக் குட்டையாகிறது. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கனத்த உலோகப் பட்டை. இரண்டும் சேர்ந்து சமமில்லாத ஒரு இசைக்கவை. கட்டையை அழுத்தினால் ரப்பர் முனை வைத்த சுத்தியல் கம்பியைத் தட்டும், கம்பி நுனிக்கு எதிரே இருக்கும் சின்ன காந்தச் சுருள் அந்த அதிர்வை எடுக்கும். எலக்ட்ரிக் கிடாரில் நடப்பதேதான்.

கம்பியில் ஒரு குட்டி ஸ்பிரிங் சுற்றியிருக்கும். அதை நுனிப் பக்கம் நகர்த்தினால் சுருதி இறங்கும், உள்பக்கம் தள்ளினால் ஏறும். ட்யூனிங் அவ்வளவுதான். ஆனால் கம்பி, சுருளின் நடுவுக்கு நேராக நிற்கிறதா, இம்மி மேலே நிற்கிறதா என்பதில் சத்தத்தின் குணமே மாறுகிறது. ஒரு நிலையில் மந்தமான குரல். இம்மி நகர்த்தினால் மணியோசை. பேசாத அந்தக் கட்டையில் சுருளின் ஒயர்தான் விட்டிருந்தது, பத்தவைத்ததும் பேசியது. போன வேலை முடிந்துவிட்டது, ஆனால் நான் கிளம்பவில்லை. ஒரு ஸ்க்ரூவைத் திருகுவதும் கட்டையைத் தட்டுவதுமாக உட்கார்ந்திருந்தேன். மெதுவாகத் தட்டினால் மணி. ஓங்கித் தட்டினால் உறுமல். பக்கத்துக் கட்டைக்கும் இதற்கும் லேசாக வித்தியாசம். டிஎக்ஸ்7இல் இந்தக் கோணல் கிடையாது. என் காதுக்கு அதுதான் குறை.

ஹெரால்டு ரோட்ஸ் இதை ஆரம்பித்ததே வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த சிப்பாய்களுக்கு பியானோ சொல்லிக்கொடுக்க, மடியில் வைத்து வாசிக்கும் அளவில் ஒன்றைச் செய்தார். சுரத்துக்குப் போட்டது பி-17 குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியக் குழாய்.

பனிக்காலம், ரொறன்ரோ:

யாழ்ப்பாணத்தில் அப்பா செய்திக்காகத்தான் ரேடியோவைத் திறப்பார். செய்தி முடிய முள்ளைத் திருப்பினால் ஆங்கில சேவையில் பாட்டுப் போகும். "நிப்பாட்டு" என்று அவர் சொல்வதற்கும் நான் நிப்பாட்டுவதற்கும் இடையில் கேட்டவைதான் என்ர சாஃப்ட் ராக் அறிவு.

பிறகு இஞ்சை வந்து தொழிற்சாலையில் இரவு வேலை. சுப்பவைசர் ஒரு கறுத்த ரேடியோவை மெஷினுக்கு மேல் வைத்திருப்பார். காது பொத்தி போட்டபடி கேட்டால் பாடல் வரி ஒன்றும் விளங்காது, கீபோர்டு மட்டும் கசிந்து வரும். டென் சிசி என்ற ஆங்கிலக் குழுவின் 'ஐம் நொட் இன் லவ்' எனக்கு அப்படித்தான் அறிமுகம். கீழே ரோட்ஸ் போய்க்கொண்டிருக்கும், மேலே பெரிய கொயர், அதாவது சேர்ந்து பாடுகிற கூட்டம், மாதிரி ஒரு மூட்டம். இதுவும் ஏதோ சிந்தசைசர் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. 1975இல் இங்கிலாந்தில் ஸ்டொக்போர்ட் ஸ்டூடியோவில் மூன்று பேர் ஒவ்வொரு சுரத்தையும் 16 தடவை பாடிப் பதிந்தார்கள். சுரத்துக்கு 48 குரல். 13 சுரம், மொத்தம் 624 குரல். அவற்றை வளையமாக ஒட்டிய நாடாவில் ஓடவிட்டு, மிக்சிங் மேசையின் நெம்புகளை ஏற்றி இறக்கி கார்டுகளை உண்டாக்கினார்கள். மேசையையே கீபோர்டாக வாசித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். இடையில் கிசுகிசுக்கிற பெண்குரல், ஸ்டூடியோவில் அலுவலக வேலை பார்த்த பெண்ணினுடையது.

ரோட்ஸா டிஎக்ஸ்7ஆ என்று நீங்கள் இரண்டு பேரும் பிடிக்கிற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. அந்த மூட்டத்துக்கு எந்தக் கீபோர்டிலும் பொத்தான் இல்லை.

கொயர் அக்கா, நாகர்கோவில்:

எல்லோரும் வுர்லிட்சர் என்கிற இன்னொரு எலக்ட்ரிக் பியானோவை மறந்துவிட்டீர்களே! சூப்பர்ட்ராம்ப் குழு 1979இல் போட்ட 'த லாஜிக்கல் சாங்' முழுக்க அதுதான். ரோட்ஸில் கம்பி என்றால் இதில் தட்டையான எஃகு நாக்கு. அதனால் சத்தம் கொஞ்சம் கரகரவென்று இருக்கும். என் மகன் தன் கீபோர்டில் அந்த டோனைத் தற்செயலாக அழுத்திவிட்டு, "அம்மா, இதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றான். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

குவீன் குழுவின் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' (1975) பாட்டிலும் வுர்லிட்சர்தான். அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு அந்தக் கருவியே பிடிக்காது, வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். பாட்டை எழுதிய பேஸ் கிடாரிஸ்ட் ஜான் டீக்கனே உட்கார்ந்து வாசித்தார். பியானோவில் ஃப்ரெடி மாதிரி அவ்வளவு பெரிய ஆளை வைத்துக்கொண்டு பேஸ்காரர் வாசித்திருக்கிறார் பாருங்கள். பிடிவாதம் பிடித்த ஃப்ரெடிக்குப் புண்ணியம்.

ரேடியோப்பிரியன், கோவை:

நல்ல ஆட்கள்தான் வந்திருக்கிறீர்கள். டோட்டோ குழுவின் 'ஆஃப்ரிக்கா'வைத் தொடாமல் விட்டால் யாராவது கோபிப்பார்கள். 1983 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம். அதில் விரலால் மீட்டுகிற ஆப்பிரிக்கக் கருவி கலிம்பா மாதிரிக் கேட்பது யமஹா ஜிஎஸ்-1. டிஎக்ஸ்7க்கு முன்னால் வந்த அதே எஃப்எம் குடும்பத்துப் பெரியண்ணன். டிஎக்ஸ்7 வருவதற்குள்ளேயே எஃப்எம் சத்தம் பாட்டில் ஏறிவிட்டது. ஊதுகிற பித்தளைக் கருவி மாதிரிச் சத்தம் மட்டும் யமஹாவின் சிஎஸ்-80 சிந்தசைசர், அது பழைய அனலாக் வகை. இரண்டு தலைமுறை ஒரே பாட்டில் உட்கார்ந்திருப்பதால்தான் எனக்கு அது அலுக்கவில்லை என்று நினைக்கிறேன். கோரஸ் எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது, அது வேறு விஷயம்.

ஈயப்பற்று, அந்த ரோட்ஸ் இன்னும் அதே ஸ்டூடியோவில்தான் இருக்கிறதா?

ஈயப்பற்று, சென்னை:

இருக்கிறது. இப்போது யாரும் அவ்வளவாக வாசிப்பதில்லை, லேப்டாப்பில் அதன் சாம்பிளை, அதாவது பதிந்து வைத்த சத்தத்தை, வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். நடுவில் சில கட்டைகளுக்குச் சுத்தியல் முனை தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். வருவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஸ்டூடியோக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆறாம் கட்டை, திருச்சி:

நானும் வரேன். நகல் என்று சொன்னதற்கு நேரில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.