சிலந்திக் கால் மாடல் முழுசாக நீளவில்லை, உதவுங்கள்

மகளின் எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு வேட்டைக்காரர்களை ஒப்பிட்டு மாடல் செய்கிறோம்: ஆழ்கடல் காப்ளின் சுறா, வீட்டுச் சுவரில் ஓடும் வலை பின்னாத பெரிய சிலந்தி. சுறா தாடையை நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் முன்னே வீசும். அதற்கு ரப்பர் பேண்ட் போட்டோம், அழகாகப் பாய்கிறது. சிக்கல் சிலந்தியில்தான். அதன் காலின் முக்கிய மூட்டுகளில் மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தமே நீட்டுகிறது. இதைக் காட்டாமல் விட மனமில்லை.

10 மில்லி சிரிஞ்ச், சலைன் ட்யூப், அட்டைக் கால். மூட்டில் பலூன் வைத்தோம், பக்கவாட்டில் பிதுங்கியது. அப்புறம் ரப்பர் கையுறையின் விரல். நூல் கட்டிய இடத்தில் தண்ணீர் கசிகிறது, கால் பாதிதான் நிமிர்கிறது. ஊர் திருச்சி, கண்காட்சி வரும் வெள்ளி.

கசியாமல் கால் முழுசாக நீள மூட்டில் எதை வைக்கலாம்?