நான்கு மணி நேர வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

கொண்டலாம்பட்டி பிகாம்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 31, தசைச்சிதைவு நோய், சான்றிதழில் 65 சதவீதம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன், வெளியே போவதென்றால் அம்மா கூட வரவேண்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அப்பா விசைத்தறிக்குப் போகிறார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்கள். காலை 10 முதல் 2 வரை, ஞாயிறு லீவு, சம்பளம் 7,000. கொலுசு செய்பவர்களிடம் எடை போட்டுக் கொடுத்த வெள்ளி எவ்வளவு, திரும்பி வந்த சரக்கு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டும். ரொம்ப நாளாக இப்படி ஒரு வேலைக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆட்டோவுக்குப் போக வர 150 ரூபாய், மாதம் 3,900 போய்விடும், கையில் நிற்பது 3,100. உதவித்தொகையும் நின்றுவிட்டால் 1,100 ரூபாய்க்காக உடம்பை வருத்திக்கொள்கிற கதைதான். அம்மா வேண்டாம் என்கிறார், அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

அம்மாபேட்டை தறிக்காரர்:

தங்கச்சி, முதலில் ஒன்று தெளிவாகட்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் பென்ஷன் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டும் வேறு. வருவாய்த்துறை தாலுகா அலுவலகம் வழியாகக் கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாய், 2023-ல் ஆயிரத்திலிருந்து உயர்த்தினார்கள், அதில் குடும்பத்தின் வசதியை விசாரிப்பார்கள். உங்களுக்கு வரும் 2,000 மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுப்பது, தசைச்சிதைவு என்றால் 40 சதவீதம் இருந்தாலே தருகிறார்கள், பாதிப்பை வைத்துத்தான் அது. உங்கள் கையில் இருக்கும் அனுமதி ஆணையை எடுத்து நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். அப்புறம், "மாதம் 7,000 சம்பளத்தில் பகுதிநேர வேலைக்குப் போனால் இது தொடருமா" என்று கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையில் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

எனக்கு அந்த 2,000-ஐ விட முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் கவலையாக இருக்கிறது. அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கவேண்டும். உங்கள் சம்பளம் மட்டுமே வருடத்துக்கு 84,000, அதோடு அப்பாவின் கூலியைக் கூட்டிப் பாருங்கள். இந்த நோய்க்கு நாளைக்கு மூச்சு, இதயம் என்று ஆஸ்பத்திரிச் செலவு வரலாம், வருடம் 5 லட்சம் வரைக்கும் தரும் அட்டையைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை வந்தால் அதற்கு வரம்பு இரண்டரை லட்சம், அதைப் பற்றிப் பயப்படாதீர்கள். பட்டறையில் பத்துப் பேராவது இருந்தால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டா என்று கேட்டுப்பாருங்கள், பகுதிநேர ஆளுக்கும் அது பொருந்தும், வீட்டில் இருப்பவர்களுக்கும் வைத்தியம் கிடைக்கும். இஎஸ்ஐ இருந்தால் தைரியமாகப் போகலாம் என்பேன்.

ஓமலூர் அண்ணன்:

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் தங்கைக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியம், அவள் தையல் கடைக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னதை வைத்து விசாரணை வந்து நின்றுபோனது. கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டார்கள். திரும்ப விண்ணப்பித்துப் பணம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவரை மருந்துக்குக் கூட அடுத்தவர் கையைப் பார்த்தோம். தனியார் வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைகிறது, முதலில் யாரை நிறுத்துவார்கள்? எழுத்தில் பதில் வராமல் ஒரு நாள் கூடப் போகாதீர்கள்.

ஏற்காடு மிளகு:

ஓமலூர் அண்ணன் சொல்லும் பயம் நியாயமானது. ஆனால் பணக்கணக்கை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள் சகோதரி. மிளகு பறிக்க ஏறியபோது சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து எனக்குத் தண்டுவடம் போனது, இப்போது அதே எஸ்டேட்டில் தினமும் மூன்று மணி நேரம் கூலிக்கணக்கு எழுதுகிறேன். ஆரம்பத்தில் ஆறு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்த இடத்தில் புண் வந்து மாதக்கணக்கில் குப்புறப் படுத்திருந்தேன். அதற்கப்புறம்தான் நேரத்தைக் குறைத்தார்கள்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான்: அங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது? செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் பாதி மாடியில், படி செங்குத்து. நான்கு மணி நேரம் வேலை என்றால் கிளம்பி வீடு திரும்புவதோடு ஆறு மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீர்த் தொற்றில்தான் போய் முடியும். உங்கள் நோயில் தசையை அளவுக்கு மீறிக் களைக்க விடுவதும் கெடுதல், மறுநாள் காலை எழும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்யவேண்டும். எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டிலிருந்தே எழுதலாமே. வாரம் மூன்று நாள் பட்டறை, மீதி நாள் வீடு என்று கேளுங்கள், ஆட்டோ செலவும் பாதியாகிவிடும்.

இன்னொன்று, வேலையில் இருந்தால் போவது மட்டுமல்ல, வருவதும் உண்டு. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் அரசு தருகிறதே, அதற்கு நான் எஸ்டேட்டில் வாங்கிய வேலைச் சான்றிதழை வைத்துத்தான் விண்ணப்பித்தேன். கையில் பலம் இருந்தால் நீங்களும் கேட்டுப்பாருங்கள்.

கொண்டலாம்பட்டி பிகாம்:

எல்லோருக்கும் நன்றி. கழிப்பறையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, இன்றைக்கு அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கீழேயே இருக்கிறதாம், ஆனால் வாசலில் மூன்று படி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு கம்பி வைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார், முதலாளி சரி என்றிருக்கிறார். ஆட்கள் ஏழு பேர்தான், அதனால் இஎஸ்ஐ வராது. தறிக்கார அண்ணன் சொன்ன காப்பீட்டு அட்டைதான் இப்போது பெரிய யோசனை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் இரண்டு கேள்வியையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கப்போகிறேன், பதில் வரும்வரை காத்திருக்க முடியுமா என்று பட்டறையில் கேட்டிருக்கிறோம். மூன்று நாள் விஷயத்தையும் நானே போனில் பேசுகிறேன்.

கொண்டலாம்பட்டியிலிருந்து மாத வாடகைக்கு வரும் ஆட்டோக்காரர் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஏறி இறங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமையானவராக இருக்கவேண்டும்.